கிடங்காகும் வீடு: மொத்தம், சில்லறை குறித்துச் சில குறிப்புகள்

1

'சில்லறை' என்கிற சொல்லைத் தமிழில் நாம் மரியாதையோடு பயன்படுத்துவதில்லை. சில்லறைத்தனம், சில்லறைப் புத்தி, சில்லறைப் பசங்க. 'மொத்தம்' என்பதற்கோ ஒரு கம்பீரம் இருக்கிறது. மொத்த வியாபாரி என்றால் பெரிய மனுஷன். மாதச் சாமானை மொத்தமாக எடுக்கிற வீடு விவரமான வீடு. அன்றைக்கன்றைக்குப் பொட்டலம் கட்டி வாங்குகிற வீடு அன்றாடங்காய்ச்சி வீடு. விலை குறித்த பேச்சாகத் தோன்றினாலும் உண்மையில் இது ஆட்களைத் தரம் பிரிக்கிற பேச்சு. அமெரிக்காவுக்கு விமானம் ஏறுகிறபோது பாஸ்போர்ட்டோடு சேர்த்து இந்தப் பேச்சையும் நாம் எடுத்துக்கொண்டு போகிறோம்.

2014இல் நியூ ஜெர்சிக்கு வந்தேன். வந்த முதல் வாரமே கூட வேலை பார்த்த நண்பர் காரில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டிய இடம் காஸ்ட்கோ. "மொதல்ல கார்டு போட்டுருங்க, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். வருஷச் சந்தா கட்டி, புகைப்படத்தோடு அட்டை வாங்கினால்தான் பொருள் வாங்க முடியும். கூரையைத் தொடுகிற இரும்பு அடுக்குகள், கட்டில் அகலத்துக்குத் தள்ளுவண்டி, இருபது பவுண்டு அரிசி மூட்டை, முப்பது சுருள் கழிப்பறைக் காகிதக் கட்டு. கொஞ்ச நாள் கழித்து வீட்டுப் பக்கத்தில் ஆல்டி என்றொரு சின்னக் கடையைக் கண்டுபிடித்து நண்பரிடம் சொன்னபோது, "அது இல்லாதவங்க போற கடைங்க" என்று முடித்துவிட்டார்.

எதை மொத்தக் கிடங்கில் வாங்குவது, எதை மலிவு மளிகைக் கடையில் வாங்குவது என்கிற கேள்வி அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களில் வாராவாரம் எழுகிற கேள்வி. பெரும்பாலும் இது கெட்டிக்காரத்தனம் பற்றிய கேள்வியாகவே பேசப்படுகிறது. எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. ஒரு பண்டத்தைச் சேமித்து வைக்கிற செலவை, பிரித்துக் கொடுக்கிற உழைப்பை, அது கெட்டுப்போகிற அபாயத்தை யார் தலையில் கட்டுவது என்பதுதான் இதன் அடியில் கிடக்கும் கேள்வி. அதைப் புரிந்துகொண்டால் எதை எங்கே வாங்குவது என்பதும் தானாகத் தெளிவாகும். யாருக்கு அந்தத் தேர்வே இல்லை என்பதும் தெரிய வரும்.

2

இரண்டு வகைக் கடைகளும் அமெரிக்காவில் ஒரே வருஷத்தில் தொடங்கின என்பது சுவாரசியமான தற்செயல். 1976இல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில், விமானத் தொழிலுக்கென்று கட்டப்பட்டிருந்த ஒரு பழைய கட்டடத்தில், சால் பிரைஸ் என்கிற முன்னாள் வழக்கறிஞர் 'பிரைஸ் கிளப்' ஆரம்பித்தார். அதே 1976இல் ஜெர்மானிய நிறுவனமான ஆல்டி அயோவா மாநிலத்தில் தன் முதல் அமெரிக்கக் கடையைத் திறந்தது.

பிரைஸ் கிளப் தொடக்கத்தில் குடும்பங்களுக்கான கடை அல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 25 டாலர் சந்தா கட்டிய சிறு வியாபாரிகள்தாம் அதன் உறுப்பினர்கள். ஓட்டல்காரர், பெட்டிக்கடைக்காரர் போன்றவர்கள் வந்து மொத்தமாக எடுத்துப்போய்த் தங்கள் கடையில் பிரித்து விற்பார்கள். இதில் வரவு போதாமல் போகவே தனிநபர்களுக்கும் கதவு திறந்தது. 1983இல் சியாட்டிலில் காஸ்ட்கோவும், வால்மார்ட்டின் சாம்ஸ் கிளப்பும் வந்தன. 1993இல் பிரைஸ் கிளப்பும் காஸ்ட்கோவும் ஒன்றாயின.

இந்தக் கதையில் ஒரு பாத்திரம் சத்தமில்லாமல் காணாமல் போகிறது. மூட்டையைப் பிரித்து, நிறுத்து, பொட்டலம் கட்டி, கடனும் கொடுத்த சில்லறைக் கடைக்காரர். அவருடைய இடத்தில் இப்போது குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. மூட்டையை வாங்குகிறோம், முன்பணம் போடுகிறோம், காரில் ஏற்றி இறக்குகிறோம், அடுக்கி வைக்கிறோம், டப்பாக்களில் பிரிக்கிறோம், பூச்சி பிடித்தால் நஷ்டத்தையும் ஏற்கிறோம். கடைக்காரரின் அத்தனை வேலையும் செய்கிற நமக்கு ஒன்றுதான் இல்லை: வாங்குவதற்கு வாடிக்கையாளர். கிடங்கு கிளப்பில் கிடைக்கும் தள்ளுபடியைப் பரிசு என்று நினைத்துக்கொள்கிறோம், அது கூலி. நம் வீட்டைக் கிடங்காக்கிக் கொடுத்ததற்கான கூலி. 1885இல் வெளியான 'மூலதனம்' இரண்டாம் தொகுதியில் சுழற்சிச் செலவுகளைப் பேசும்போது மார்க்ஸ் சேமிப்புச் செலவைத் தனியாக எடுத்துக்கொண்டு விவாதிக்கிறார். அந்தச் செலவு முதலாளியின் கணக்கிலிருந்து நகர்ந்து நம் சமையலறைப் பரணில் ஏறி உட்காரும் காட்சியை இங்கே நேரில் பார்க்கலாம்.

கிளப்பின் லாபம் எங்கிருந்து வருகிறது? காஸ்ட்கோ தன் பொருட்களின் மேல் பொதுவாக 14, 15 விழுக்காட்டுக்கு மேல் விலை ஏற்றுவதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. சாதாரண சூப்பர் மார்க்கெட் முப்பதாயிரம் வகைப் பொருட்களை வைத்திருக்கிற இடத்தில் இது சுமார் நாலாயிரத்தோடு நிறுத்திக்கொள்கிறது. 2024 நிதியாண்டில் அதன் செயல்பாட்டு லாபம் சுமார் 9.3 பில்லியன் டாலர். உறுப்பினர் சந்தாவாக மட்டும் வந்தது சுமார் 4.8 பில்லியன். அதாவது, லாபத்தில் பாதிக்கு ஈடான தொகை நாம் ஒரு பொருளையும் கையில் எடுப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறது. சந்தா கட்டியவர் 'கட்டின காசை எடுக்கணுமே' என்று மறுபடி மறுபடி வருவார். கதவு வழியை மறிக்கத்தான் என்று நினைக்கிறோம். உள்ளே வந்தவரைத் தக்கவைத்துக்கொள்கிற வேலையையும் அது செய்கிறது.

ஆல்டி வேறு வழியில் மலிவாகிறது. எஸ்ஸன் நகரில் தாயார் நடத்திய சின்னக் கடையிலிருந்து வளர்த்தெடுத்த ஆல்பிரெக்ட் சகோதரர்கள் 1962இல் வைத்த பெயர் அது: ஆல்பிரெக்ட் டிஸ்கவுன்ட் என்பதன் சுருக்கம். வகைகள் காஸ்ட்கோவைவிடவும் குறைவு. பத்தில் ஒன்பது பண்டத்துக்கு மேல் கடையின் சொந்தப் பெயரில்தான் இருக்கும். விளம்பரக் கம்பெனிகளின் பெயருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வந்த அட்டைப்பெட்டியை அப்படியே கிழித்து அடுக்கில் வைத்துவிடுவார்கள். தள்ளுவண்டி வேண்டுமென்றால் 25 சென்ட் நாணயத்தைச் செருக வேண்டும். வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து பூட்டினால் நாணயம் கையில் வரும். இதனால் வண்டி பொறுக்க ஓர் ஆள் மிச்சம். பை நாம் கொண்டுபோக வேண்டும், சாமானையும் நாமே அடுக்கிக்கொள்ள வேண்டும். பொட்டலங்களின் பல பக்கங்களில் பட்டைக்குறி அச்சாகியிருக்கும், ஊழியர் திருப்பித் திருப்பித் தேடாமல் இழுத்துவிட. மலிவின் ஒரு பங்கு, ஓய்வில்லாமல் இயங்கும் அந்தக் கையிலிருந்து வருகிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம். ஆனால், ஒரு காலன் பாலும் ஒரு டஜன் முட்டையும் வாங்க வருகிறவரிடம் ஆல்டி சந்தா கேட்பதில்லை. 2017இல் அமெரிக்காவுக்கு வந்த லிடலும் இதே வகை.

ஒன்று செலவை நம் வீட்டுக்கு மாற்றுகிறது. மற்றது கடைக்குள்ளேயே நறுக்குகிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பட்டியல் போடுவது சுலபம்.

3

என் மனைவி ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். ஊரில் அண்ணாச்சி கடையில் பற்று எழுதுவார்களே, அந்த மாதிரி நீள நோட்டு. அதிலிருந்து சில விதிகள்.

முதல் விதி, பொட்டலத்தின் விலையைப் பார்க்காதே, அலகின் விலையைப் பார். நியூ ஜெர்சி உட்படச் சில மாநிலங்களில் ஒரு பவுண்டுக்கு, ஓர் அவுன்சுக்கு என்ன விலை என்பதை அடுக்கிலேயே எழுதி வைக்கச் சட்டம் இருக்கிறது. கழிப்பறைக் காகிதத்தில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். 'டபுள்', 'மெகா' என்பதெல்லாம் எந்த அளவும் இல்லாத சொற்கள். எத்தனை சுருள் என்று எண்ணாமல் எத்தனை தாள், எத்தனை சதுர அடி என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, வாங்கிய அளவால் வகுக்காதே, தின்ற அளவால் வகு. கிளப்பில் கீரை 40 விழுக்காடு மலிவு என்று வைத்துக்கொள்வோம். மலிவுக் கடையில் ஒரு டாலருக்கு வருவது அங்கே 60 சென்ட். மூன்றில் ஒரு பங்கு அழுகிப்போனால் தின்ற கீரையின் விலை 90 சென்ட். பாதி அழுகினால் ஒரு டாலர் 20 சென்ட். குப்பைத்தொட்டிக்கும் சேர்த்துச் சமைக்கிறோம்.

மூன்றாவது, சந்தாவை மறக்காதே. 2024 செப்டம்பரிலிருந்து காஸ்ட்கோவின் சாதாரண அட்டைக்கு வருஷம் 65 டாலர். மலிவுக் கடையோடு ஒப்பிடும்போது கிளப்பில் பத்து விழுக்காடு மிஞ்சுகிறது என்றால், அந்தக் கடை விலையில் 650 டாலருக்கான சாமானை அங்கே எடுத்த பிறகுதான் போட்ட காசு திரும்புகிறது. ஐந்து விழுக்காடுதான் மிஞ்சுகிறதென்றால் 1300. 130 டாலர் மேலட்டை வாங்கினால் இரண்டு விழுக்காடு திருப்பித் தருகிறார்கள்; கூடுதலாகக் கட்டிய 65 டாலரை மீட்கவே 3250 டாலருக்கு வாங்கியாக வேண்டும். ஒப்பீடு எந்தக் கடையோடு என்பது இங்கே முக்கியம். அலங்காரமான சூப்பர் மார்க்கெட்டோடு ஒப்பிட்டால் கிளப் எப்போதும் ஜெயிக்கும். ஆல்டியோடு ஒப்பிட்டால் பல பண்டங்களில் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

நான்காவது, கையிருப்பு தீனியைக் கூட்டும். டப்பா நிறைய முந்திரி இருந்தால் உப்புமாவில் கைநிறைய விழும். கொஞ்சமாக இருந்தபோது எண்ணிப் போட்ட அதே கைதான்.

ஐந்தாவது, மலிவான பண்டத்தில் மிச்சம் பிடிக்காதே. உப்பில் பாதி விலை மிஞ்சினாலும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு டாலர். அதற்காகப் பரணில் ஒரு மூலையைக் கொடுப்பது நஷ்டம்.

இந்த விதிகளின்படி எங்கள் நோட்டில் கிளப் பக்கம் விழுந்தவை: கெடாதவை, சீராகத் தீர்பவை, விலை உயர்ந்தவை. சமையல் எண்ணெய், பாஸ்மதி, பாதாம், முந்திரி, துணி சோப்பு, காகிதம், குப்பைப் பை, பேட்டரி. உணவல்லாதவற்றில் கார் டயர், பெட்ரோல், கடையில் நேரடியாகக் கிடைக்கும் காய்ச்சல், ஒவ்வாமை மாத்திரைகள். மருத்துவர் சீட்டுக்கு மருந்து வாங்க காஸ்ட்கோ மருந்தகத்தில் அட்டை தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. மலிவுக் கடைப் பக்கம் விழுந்தவை: பால், முட்டை, ரொட்டி, வாழைப்பழம், காய்கறி, சர்க்கரை, உப்பு, மாவு, டப்பாவில் அடைத்த பயறு வகைகள். மிளகுத்தூள் மாதிரி வாசனைப் பொருட்கள் மலிவாக இருந்தாலும் மூட்டையில் வேண்டாம். தீர்வதற்குள் வாசனை போய்விடும். துவரம்பருப்பும் புழுங்கலரிசியும் கறிவேப்பிலையும் இந்த இரண்டுக்கும் வெளியே, இந்தியக் கடையில். பெரிய குடும்பத்துக்குப் பாலும் முட்டையும் கிளப் பக்கம் போகலாம். பட்டியல் வீட்டுக்கு வீடு மாறும், விதிகள் மாறா.

இரண்டு கடைகளுக்கும் பொதுவான ஒரு சூதும் உண்டு. கிளப்பில் நுழைந்ததும் எதிரே தொலைக்காட்சிப் பெட்டி, பாலும் முட்டையும் கடைசிச் சுவரோரம். ஆல்டியில் நடு வரிசை முழுக்க அந்த வாரத்துக்கு மட்டும் வரும் கூடாரம், பாத்திரம், பொம்மை. பால் வாங்கப்போய்க் கூடாரத்தோடு திரும்பினால் மேலே சொன்ன ஐந்து விதியும் வீண். 'அன்றாட வாழ்வின் நடைமுறைகள்' குறித்து 1980இல் எழுதிய மிஷெல் த செர்த்தோ, இடத்தைக் கையில் வைத்திருப்பவரின் வியூகத்தையும், இடமில்லாதவர் அதற்குள் புகுந்து செய்கிற தந்திரங்களையும் வேறுபடுத்துகிறார். பட்டியல் எழுதிய துண்டுச் சீட்டு, அந்த அர்த்தத்தில், எளியவரின் தந்திரம்.

4

இதுவரை சொன்னதெல்லாம் இரண்டு கடையிலும் நுழைய முடிந்தவருக்கு. கார் இருக்க வேண்டும், இடமுள்ள வீடு வேண்டும், இன்று இரண்டு மாதத்துக்கான பணத்தைப் போட முடிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு மாதம் கழித்தும் இதே வீட்டில் இருப்போம் என்கிற உறுதி வேண்டும். இந்தக் கடைசி விஷயம் 2020 ஏப்ரல் வரை எனக்கு உறைக்கவில்லை.

அந்த மாதம் எனக்கு வேலை போனது. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அறுபது நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும். மனைவிக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா. அன்றைக்கு ராத்திரி அவள் பரணைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, சோப்புத்தூள் ஒரு வருஷத்துக்கு இருக்கு. நாம ரெண்டு மாசந்தான் இருப்போம் போல." சிரிக்கவும் முடியவில்லை. மலிவு மலிவு என்று வாங்கி அடுக்கியது அத்தனையும் வராத காலத்தின் மேல் கட்டிய பந்தயம் என்பது அப்போது புரிந்தது. கையில் இருந்திருக்க வேண்டிய பணம் பரணில் சோப்பாக உட்கார்ந்திருந்தது. சோப்பைக் கொடுத்து வாடகை கட்ட முடியாது.

கீழ்வீட்டில் குவாத்தமாலாவைச் சேர்ந்த ஓர் அம்மா, இரண்டு பிள்ளைகளோடு. வீடுகளைத் துப்புரவு செய்கிற வேலை. தொற்றுக்குப் பயந்து யாரும் கூப்பிடாமல் அவருக்கும் வேலை நின்றிருந்தது. எப்போதும் டாலர் கடையில் நாலு சுருள் காகிதம், சின்ன பாட்டில் எண்ணெய் என்று வாங்குவார். ஒரு தாளுக்கு என்ன விலை என்று பார்த்தால் எங்களைவிட அவர் அதிகம் கொடுத்துக்கொண்டிருந்தார். 'விவரமில்லாம வாங்குறாங்களே' என்று நான் மனசுக்குள் நினைத்ததுண்டு. அவருக்குக் கணக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவரிடம் இல்லாமல் இருந்தது அந்த வாரத்து முப்பது டாலர்.

ஏழைகள் அதிகம் கொடுக்கிறார்கள் என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. 1963இலேயே டேவிட் கேப்லோவிட்ஸ் இதையே தலைப்பாக வைத்து நியூ யார்க் ஏழைக் குடும்பங்கள் குறித்துப் புத்தகம் எழுதினார். 2019இல் ஆய்வாளர்களான யெஷிம் ஓர்ஹுனும் மைக் பலாட்சோலோவும் வெளியிட்ட ஆய்வு கழிப்பறைக் காகிதத்தையே எடுத்துக்கொண்டது. சேமித்து வைத்தாலும் கெடாத, அதிகமாக வாங்கியதற்காக அதிகமாகச் செலவாகாத பண்டம் அது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மொத்தமாக வாங்கவும் முடிவதில்லை, தள்ளுபடி வரும் நேரம் பார்த்து முன்கூட்டி வாங்கவும் முடிவதில்லை. மலிவான பிராண்டுகளைத் தேர்ந்தெடுத்து அவர்கள் மிச்சம் பிடிப்பதில் பாதி அளவுக்கு இதனால் கைவிட்டுப் போகக்கூடும் என்று அவர்கள் காட்டினார்கள். சிக்கனத்துக்கும் முதல் வேண்டியிருக்கிறது.

கொஞ்சமாக வாங்கினால் விலை கூடத்தான் செய்யும், அது இயற்கை என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்களுக்கு நம் ஊர் ஷாம்பு பாக்கெட்டைக் காட்ட வேண்டும். கடலூரில் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்த அந்தச் சின்னப் பாக்கெட், பல சமயங்களில் பாட்டிலைவிட மில்லி கணக்கில் மலிவாகவே விற்றிருக்கிறது. சின்ன அளவில் வாங்குகிறவர் பெருங்கூட்டம் என்று தெரிந்தால் நிறுவனங்கள் சின்ன அளவையும் மலிவாக்குகின்றன. அந்தப் பிளாஸ்டிக் எங்கே போகிறது என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். விலை இயற்கையிலிருந்து வருவதில்லை என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

கையிருப்பு மனோபாவம் நம்மவர்களை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2023 ஜூலையில் பார்த்தோம். பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா தடை செய்தது. செய்தி வந்ததும் இங்கே இந்தியக் கடைகளிலும் கிளப்களிலும் வண்டி வண்டியாக மூட்டைகள் ஏறின. புழுங்கலரிசி அந்தத் தடையில் வரவே இல்லை, அதையும் அள்ளினார்கள். குடும்பத்துக்கு ஒரு மூட்டை என்று பல கடைகள் எழுதிப் போட வேண்டியதாயிற்று. முதல் நாள் பத்து மூட்டை எடுத்தவர் விவரமானவர். சம்பளம் வந்த பிறகு போனவருக்குக் கிடைத்தது காலி அடுக்கு. தடை 2024 செப்டம்பரில் நீங்கியது. அதற்குள் எத்தனை பரண்களில் வண்டு விழுந்திருக்கும் என்று யாரும் கணக்கெடுக்கப்போவதில்லை.

5

ஐம்பத்திரண்டாம் நாள் எனக்கு வேறு வேலை கிடைத்தது. அதற்குள் பரண் பாதி காலி. சோப்புத்தூளும் அரிசியும் காகிதமும் கீழ்வீட்டுக்கு இறங்கின. கறுப்பு பீன்சும் வாழைக்காயும் மேலே ஏறின. யார் யாருக்கு உதவினார்கள் என்று சொல்ல முடியாத கணக்கு அது. வேலை வந்த பிறகும் அதை நாங்கள் விடவில்லை, கொஞ்சம் ஒழுங்குபடுத்திக்கொண்டோம். இப்போது எங்கள் வீடு, கீழ்வீடு, எதிர்வீட்டு வயதான தம்பதி, மூன்று குடும்பம். மாதம் ஒருமுறை எங்கள் அட்டையில் கிளப் சாமான். சமையலறைத் தராசில் நிறுத்துப் பங்கு. பணம் அப்போதே தர வேண்டும் என்றில்லை, நோட்டில் எழுதிக்கொள்வோம். மற்றதெல்லாம் அவரவர் ஆல்டியில்.

ஊரில் பண்டிகைக்குப் பங்குக் கறி போடுவார்கள். நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடாயை அறுத்து, ஈரலும் எலும்பும் எல்லாக் கூறிலும் விழுகிற மாதிரி சமமாகப் பிரிப்பார்கள். முழுக் கிடாய் எந்த வீட்டுக்கும் கட்டாது, ஒரு கூறு எல்லா வீட்டுக்கும் கட்டும். நாங்கள் செய்வது அதுதான். பிரைஸ் கிளப்பின் கதையில் காணாமல்போன அந்தச் சில்லறைக் கடைக்காரரை, லாபத்தைக் கழித்துவிட்டு, எங்கள் சமையலறைக்குத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறோம். இதனால் காஸ்ட்கோவுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது, அமைப்பு எதுவும் ஆடிவிடாது. அந்த மயக்கமெல்லாம் எனக்கில்லை. சம்பளம் உயராமல், வாடகை குறையாமல், மூன்று வீட்டுத் தராசு எதையும் மாற்றிவிடாது.

ஆனால், எதை எங்கே வாங்கலாம் என்று இப்போது யாராவது கேட்டால் என்னால் பட்டியலை மட்டும் நீட்டிவிட முடிவதில்லை. உங்கள் வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு இடம் என்று கேட்கிறேன். அடுத்த மாதம் இதே முகவரியில் இருப்பீர்களா என்று கேட்கிறேன். கடைசியாக, பிரித்துக்கொள்ளப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்கிறேன். முதலிரண்டு கேள்விகளுக்கும் உடனே பதில் வந்துவிடுகிறது. மூன்றாவதற்குப் பெரும்பாலோர் யோசிக்கிறார்கள். பத்து வருஷம் குடியிருந்தும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது என்று ஒருவர் சொன்னார். அவர் வீட்டுப் பரணில் நாற்பது சுருள் காகிதம் இருக்கிறதாம்.